ஸ்பிட்ஃபயரா, எம்ஜிபியா, பெரம்பூர் ஹெரால்டா?

கேள்வி: எனக்கு வயது 41. மணலியில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். வீடு திருவொற்றியூரில், கடலுக்கு அரை கிலோமீட்டர். பழைய ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பிரித்துச் சேர்த்து ஓட்ட வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. இரண்டு வருஷத்துக்கு, எல்லாம் சேர்த்து 6 லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். ஷெட் 10 அடிக்கு 18 அடி. மூன்று வண்டி பார்த்திருக்கிறேன். ஒன்று, 1969 டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர். எஞ்சின் ஓடுகிறது, ஆர்.சி. இல்லை, "பேப்பர் பண்ணிக்கலாம்" என்கிறார்கள், நாலரை லட்சம். இரண்டு, பெங்களூரில் 1971 எம்ஜிபி. பேப்பர் சுத்தம், கதவுக்குக் கீழே துரு, ஐந்தே முக்கால் லட்சம். மூன்று, பெரம்பூரில் 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. உரிமையாளர் இறந்துவிட்டார். 18 வருஷமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆர்.சி. புக் இருக்கிறது, ஒன்றரை லட்சம். ஹெரால்டு ஸ்போர்ட்ஸ் கார் இல்லையே என்பதுதான் என் குறை. வாங்கி மாருதி எஞ்சின் போட்டுவிடலாம் என்கிறான் மச்சான். எதை வாங்கட்டும்?

பதில்: ஹெரால்டை வாங்குங்கள். மச்சான் சொன்னதைச் செய்யாதீர்கள்.

உங்கள் குறை நியாயமானதுதான். 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். இன்றைய ஆல்டோவே அதை ஓரங்கட்டிவிட்டுப் போகும். ஆனால் நீங்கள் ஆசைப்படும் ஸ்பிட்ஃபயர், இந்த ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கிச் செய்த கார். ஹெரால்டின் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம்) 2,324 மி.மீ., ஸ்பிட்ஃபயரின் வீல்பேஸ் 2,108 மி.மீ. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. முன்பக்க சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ராக், குறுக்கே படுத்திருக்கும் பின் பட்டை ஸ்பிரிங், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் ஒரே குடும்பம். எஞ்சினும் அப்படித்தான். 948, 1147, 1296 சிசி மூன்றிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76 மி.மீ.; போர் (சிலிண்டர் விட்டம்) மட்டும் 63, 69.3, 73.7 என்று வளர்ந்தது. ஹெரால்டில் ஒரு வேலை கற்றுக்கொண்டால் ஸ்பிட்ஃபயரில் அதே வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வீர்கள்.

இன்னொன்று, இது நம்மூர்ச் சரக்கு. 1961 முதல் பத்து வருஷம் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். உங்கள் பக்கத்துச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஹெரால்டுகளும் அங்கே ஓடின. ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று யாராவது சிரித்தால் அதைச் சொல்லுங்கள்.

மற்ற இரண்டும் ஏன் வேண்டாம்? ஆர்.சி. இல்லாத இறக்குமதிக் கார் விஷயத்தில் "பேப்பர் பண்ணிக்கலாம்" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாரானதில்லை. அப்படியானால் அது உள்ளே வந்ததற்கு ஏதாவது ஒரு தாள் இருக்க வேண்டும்: சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி, அல்லது தூதரகக் காராக வந்திருந்தால் அரசு வணிகக் கழகம் விற்றதற்கான கடிதம். இவற்றில் ஒன்றும், ஒரு பழைய பதிவு எண்ணும் காட்டினால் பேச்சைத் தொடரலாம். காட்டவில்லை என்றால், நாலரை லட்சத்துக்கு வாங்கியதைப் பதிவு செய்ய முடியாமல் பாகம் பாகமாகத்தான் விற்பீர்கள். விலையைக் குறைக்கிறார்கள் என்று மயங்காதீர்கள். பேப்பர் இல்லாத வண்டியின் விலை எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

எம்ஜிபி நல்ல கார். 1964-க்குப் பிறகு வந்த 1798 சிசி எஞ்சின், ஐந்து மெயின் பேரிங், லேசில் சாகாது. இதன் அண்ணன் முறையான 1489 சிசி எஞ்சினைத்தான் அம்பாசிடரில் வருஷக்கணக்காக ஓட்டினோம் என்பதால் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அந்த வகையறா பழக்கம். சிக்கல் பாடியில். எம்ஜிபிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் காரைத் தாங்கும் முதுகெலும்பு. நீங்கள் எழுதியிருக்கும் "கதவுக்குக் கீழே துரு" வெளித்தகட்டில் தெரிகிறதென்றால், உள்ளே இருக்கும் இரண்டு அடுக்கும் அரித்திருக்கும் என்றே கணக்கிடுங்கள். அதைச் சரிசெய்யக் காரை ஜிக்கில், அதாவது அசையாமல் பிடிக்கும் சட்டத்தில், கட்டி, கதவு இடைவெளி மாறாமல் குழாய் வைத்துத் தாங்கி, மூன்று அடுக்கையும் வெட்டி வைக்க வேண்டும். முதல் ப்ராஜெக்டுக்கு இது ஆகாது. கடலுக்கு அரை கிலோமீட்டரில் நிறுத்துவதற்கும் ஆகாது. ஐந்தே முக்கால் கொடுத்துவிட்டால் மிச்சம் 25,000. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாத கதை. இதுபோன்ற வேலைக்கு வண்டியின் விலை மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவே கூடாது.

கட்டணத்தையும் பாருங்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு திருத்தியபடி, 20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 10,000 ரூபாய். அதுவே இறக்குமதிக் கார் என்றால் 80,000. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவு இது. எம்ஜிபிக்கு அதோடு கர்நாடகத்திலிருந்து என்ஓசியும் (தடையின்மைச் சான்று) தமிழ்நாட்டுச் சாலை வரியும் சேரும். ஹெரால்டு சென்னைத் தயாரிப்பு. ஆர்.சி.யில் தயாரிப்பாளர் பெயர் "ஸ்டாண்டர்டு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது அதை டிரயம்ஃப் என்று எழுதி வைத்திருந்தால் கவுன்டரில் வாதாட வேண்டியிருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் அடுத்து மனம் எங்கே போகும் என்று தெரியும். ஃபியட் 124 ஸ்பைடர் அழகுதான். நம் பிரீமியர் 118என்இ அந்த 124 வம்சத்துப் பாடிதான் என்றாலும், அதில் இருந்தது நிசான் எஞ்சின். ஸ்பைடரின் ட்வின் கேம் எஞ்சினுக்கு இங்கே ஸ்பேர் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிநாட்டிலிருந்து நேரே காரை இறக்குவது உங்கள் பட்ஜெட்டுக்கு இல்லை. வரியே காரின் விலையைத் தாண்டும்.

இனி பெரம்பூர் வண்டி. முதலில் காகிதம், பிறகுதான் ஜாக்கி.

ஆர்.சி. இறந்தவர் பெயரில் இருப்பதால் வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்றப் படிவம் 31. அதோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். அவரிடமிருந்து உங்களுக்கு மாற்றப் படிவம் 29, 30. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25, அதற்கு வண்டியை நேரில் காட்ட வேண்டும். பிரேக்கும் விளக்கும் ஹாரனும் வேலை செய்யாத வண்டியைக் காட்டிப் பயனில்லை. ஆகவே வண்டி எழுந்து ஓடும் வரை பல மாதம் வாரிசுகளின் ஒத்துழைப்பு தேவை. "பெயர் மாற்றம் முடியும் வரை கையெழுத்துக்கு வருவோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எத்தனை வாரிசு, அவர்களில் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். துருவைவிட இதில்தான் பல ப்ராஜெக்ட் சிக்கி நிற்கிறது. கையால் எழுதிய பழைய புக் என்றால் அது வாகன் என்ற அரசின் பதிவுக் கணினியில் ஏறியிருக்காது. முதலில் பதிவான அலுவலகத்தில் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அங்கே போய், அந்த எண் ரிஜிஸ்டரில் இருக்கிறதா, தாமதக் கட்டணம் எவ்வளவு நிற்கிறது என்று விசாரியுங்கள். அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்வது உங்கள் உரிமை.

50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு முறையும் உண்டு. புதிதாக 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு இவற்றுக்குத்தான் தெருவில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. ஞாயிறு காலை பழவேற்காடு வரை போய்வர வேண்டும் என்பவருக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே நல்லது.

மச்சானின் மாருதி எஞ்சின் யோசனை இங்கேதான் விழுகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் எண்ணும் பிளாக்கில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் புதுப்பிப்பே நின்றுபோகும். வின்டேஜ் கதவும் அடைபடும்; சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது அந்த விதி. பார்க்கப் போகும்போது டார்ச், வயர் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுபோங்கள். எஞ்சின் எண் பிளாக்கின் இடது பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கத்தில் குத்தியிருக்கும். தேய்த்துப் படித்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் இருப்பதுதான் உங்களுக்குப் பெரிய வரம். பாடி துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. கதவுக்குக் கீழே இருக்கும் தகடு ஓட்டையாக இருந்தாலும் ஹெரால்டில் அது அலங்காரம்தான். ஸ்பிட்ஃபயரில் அப்படியில்லை, அங்கே பக்கச் சட்டம் இல்லாததால் சில்லும் பாரம் தாங்கும். ஆகவே பளபளப்பைப் பார்க்காமல் கீழே படுங்கள். நடுவில் ஓடும் இரண்டு பெரிய சட்டங்கள், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அதாவது அவுட்ரிகர்கள், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். அவுட்ரிகரில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால் கவலை வேண்டாம், 1.6 மி.மீ. தகட்டில் நீங்களே மடித்துச் செய்யலாம். நடுச் சட்டத்தில், அதுவும் டிஃபரன்ஷியல் தொங்கும் இடத்தில் இறங்கினால் வண்டியை விட்டுவிடுங்கள். பிறகு முன் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின், அதாவது கீழ் விஷ்போனின், பிடிப்பிலிருந்து எதிர்ப்பக்கப் பின் ஷாக் அப்சார்பர் பிடிப்பு வரை குறுக்காக அளந்து, அடுத்த மூலையையும் அதேபோல் அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 6 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் எங்கோ இடித்து நிமிர்த்திய வண்டி. பாடியில் பள்ளம் நிரப்பப் பூசிய பட்டி எங்கே எவ்வளவு என்று அறிய, துணி சுற்றிய சின்னக் காந்தம் போதும்.

பெரம்பூர் என்பதால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் வெள்ளங்களில் வண்டி நின்ற இடத்தில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று வீட்டாரைக் கேளுங்கள். பிறகு கதவு உள்தகட்டிலும் ஹெட்லைட் கிண்ணத்திலும் காய்ந்த சேற்றுக் கோடு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் இரண்டிலும் ஆயில் பிளக்கை லேசாகத் தளர்த்தினால், தண்ணீர் புகுந்திருந்தால் முதலில் அதுதான் சொட்டும். ஆயிலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தங்கியிருக்கும்.

ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் குடும்பத்துக்கே உரிய இரண்டு நோய்கள் உண்டு.

முதலாவது கிராங்க் த்ரஸ்ட் வாஷர், கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தடுப்பது. பின் மெயின் பேரிங்கில் அரைவட்டமாக இரண்டு வாஷர்கள் உட்கார்ந்திருக்கும். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னே தள்ளப்பட்டு அவை தேயும். முழுக்கத் தேய்ந்தால் கழன்று ஆயில் சம்ப்புக்குள் விழும். பிறகு கிராங்க் இரும்பு பிளாக் இரும்பையே அரைக்கும். பிளாக்கே போய்விடும். வழக்கமான சோதனை, ஒருவர் கிளட்சை மிதிக்க, மற்றவர் முன் புல்லியின் ஆட்டத்தைப் பார்ப்பது. 18 வருஷம் நின்ற வண்டியில் கிளட்ச் சிலிண்டர் இறுகியிருக்கும் என்பதால் அது ஏமாற்றும். புல்லியைச் சின்ன டயர் லிவரால் முன்னும் பின்னும் நெம்பி, டயல் கேஜ் வைத்து அளவெடுங்கள். உங்கள் தொழிலில் டயல் கேஜ் கைவசம் இருக்கும். 0.1 முதல் 0.2 மி.மீ. சரி. 0.3-ஐத் தாண்டினால் மாற்ற வேண்டும். எஞ்சினை இறக்காமலே சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து, பழையதைச் சுற்றித் தள்ளிப் புதியதை நுழைக்கலாம். பள்ளம் இருக்கும் முகம் கிராங்க்கைப் பார்க்க வேண்டும். ஒரு மி.மீ. அளவுக்கு "டொக்" என்று ஆடினால் வாஷர் ஏற்கெனவே விழுந்துவிட்டது. விலையில் பாதியைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க், கீழே ஒரு பித்தளை வார்ப்புக்குள் மரையாக நின்று, ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரையிலேயே திரும்புகிறது. இதற்கு ஈபி 90 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். நம்மூர் ஷெட்டில் கிங்பின் என்று நினைத்து கிரீஸ் கன்னை வைத்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே இறுகிக் கட்டியாகிவிடும். கீழே தண்ணீர் தங்கும், லிங்க் துருப்பிடிக்கும், ஒருநாள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது முறியும். சக்கரம் அப்படியே உள்ளே மடங்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, புது ஆயில் விளிம்பில் எட்டிப்பார்க்கும் வரை ஏற்றினால் இந்த வம்பே இல்லை. பெரம்பூர் வண்டியில் அந்தச் சின்ன பிளக்கைக் கழற்றிக் காய்ந்த கிரீஸ் தெரிந்தால், இரண்டு பக்கமும் லிங்க், ட்ரன்னியன் புதிது என்று செலவில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இன்னும் செய்கிறார்கள். இடது வலது மரை வேறு வேறு என்பதால் ஆர்டரில் பக்கத்தைக் குறிப்பிடுங்கள். இதை மட்டும் எந்த லேத்திலும் கடையாதீர்கள், உங்கள் சொந்த லேத்திலும்கூட.

மற்றதெல்லாம் இங்கேயே முடியும். பின் ஆக்சில் ஷாஃப்டின் யூ.ஜே. கிராஸை வெர்னியரில் கப் விட்டம், மொத்த நீளம் இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டு, பழைய துண்டோடு புதுப்பேட்டைக்குப் போங்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்டால் "இல்லை" என்பார்கள், அளவைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பேரிங், ஆயில் சீல், போல்ட் எல்லாம் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம். இந்த வண்டியில் மரை யுஎன்எஃப், ஸ்பேனர் ஏஎஃப் அளவு, அதாவது இரண்டும் இஞ்ச் கணக்கு என்பதை மறக்காதீர்கள். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; அதில் 13 ஸ்பேனரைப் போட்டு இழுத்தால், துருப்பிடித்த தலை உருண்டுவிடும். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 ஐந்தும் ரிங் ஸ்பேனராகவும் பாக்ஸாகவும் வாங்கிவிட்டுத்தான் முதல் நட்டைத் தொடுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் செல்ஃப் அடித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) மண்ணெண்ணெயும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு இரண்டு டீஸ்பூன் விட்டு மூன்று நாள் வையுங்கள். பிறகு புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மட்டும், முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக. பிடிவாதம் பிடித்தால் இன்னும் மூன்று நாள். நெம்பினால் ரிங் உடையும். சுற்றியதும் சம்ப்பைக் கழற்றி அடியில் உறைந்த கறுப்புச் சேற்றை வழித்து, அப்போதே த்ரஸ்ட் வாஷர் வேலையையும் முடியுங்கள். 20டபிள்யூ-50 மினரல் ஆயில், புது ஃபில்டர். பிளக் இல்லாமலே செல்ஃப் சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக் போட வேண்டும். பேட்டரி மாட்டுமுன் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள். அந்தக் காலப் பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பாசிட்டிவ் முனையைப் பாடியில் மாட்டுவது, உண்டு. பெட்ரோல் டேங்கில் இருந்து வேண்டாம், தனிக் கேனிலிருந்து கொடுங்கள். பாயின்ட் இடைவெளி 0.38 மி.மீ., பிளக் 0.64, டாப்பெட் (வால்வு இடைவெளி) குளிர்ந்த நிலையில் 0.25, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. பத்து நிமிஷம் சூடாக ஓடிய பிறகு கம்ப்ரஷன் பாருங்கள். நான்குக்கும் இடையில் 15 சதவீதத்துக்குள் வித்தியாசம் என்றால் எஞ்சினைப் பிரிக்காமல் ஒரு வருஷம் ஓட்டுங்கள். சிலிண்டரைக் கடைந்து போர் செய்யத்தான் வேண்டுமென்றால் பிஸ்டன் செட் கைக்கு வந்த பிறகே பிளாக்கை லேத்துக்கு அனுப்புங்கள். "நாற்பது ஓவர்சைஸ் கிடைக்கும், போர் போட்டுடலாம்" என்று ஆரம்பித்து, பிஸ்டன் வராமல் பிளாக் மூலையில் துருப்பிடிப்பது வழக்கமான சோகம். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் வைத்துவிடுங்கள். இப்போது பெட்ரோலில் ஈயம் இல்லை, பழைய சீட் மெதுவாக உள்ளே அமுங்கும்.

இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அந்தக் கால ரப்பரைக் கூழாக்கும். எரிபொருள் ஹோஸ் முழுவதும் வைட்டான் வகை, பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் ஊசி முனை மூன்றையும் மாற்றாமல் தெருவில் எடுக்காதீர்கள். சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கசியும் பெட்ரோல் என்ன செய்யும் என்று தொழிற்சாலைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மழை மாதங்களில் வண்டி நிற்கப் போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

பிரேக் நான்கு சக்கரமும் டிரம், ஒரே ஹைட்ராலிக் லைன். ஒரு பைப் வெடித்தால் நான்கும் போகும். ஆகவே பாதி வேலை கிடையாது: எல்லா வீல் சிலிண்டரும், ஹோஸும், பைப்பும் புதிது. உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு இரும்புப் பைப் வேண்டாம், செம்பு-நிக்கல் பைப்பை வளைத்து ஃப்ளேர் செய்யுங்கள். டயருக்கு அலைய வேண்டாம். 145/80 ஆர்13, பழைய வேகன்ஆர் அளவு. ஓட்டும்போது ஒரு எச்சரிக்கை: பின் ஆக்சில் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஊஞ்சல் மாதிரி ஆடும். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்பக்கம் தூக்கி, வெளிச் சக்கரம் உள்ளே மடங்கி, வண்டி சுழலும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுக்க லேசாக மிதித்தபடி போக வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

சேசிஸ் வெல்டிங்குக்குச் சிஓ2 வெல்டிங்தான். ஆர்க் வைத்தால் தகடு பொத்துப் போகும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு அவுட்ரிகர். அதை வெட்டி, புதியது வைத்து, பாடி போல்ட்டை மாட்டிக் கதவு இடைவெளியைச் சரிபார்த்த பிறகே அடுத்தது. பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவில் இருக்கும் வாஷர்கள் எந்த போல்ட்டில் எத்தனை என்று கழற்றும்போதே சாக்பீஸால் எழுதுங்கள். அதைக் கலைத்தால் பானெட்டும் கதவும் பிறகு ஒருநாளும் ஒன்றோடொன்று ஒத்துவராது. துரு எடுத்ததும் அன்றைக்கே எபாக்சி பிரைமர். மறுநாள் காலைக்கு விட்டால் திருவொற்றியூரில் தகடு மீண்டும் செம்பழுப்பாகியிருக்கும். சட்டங்களுக்கு உள்ளே கேவிட்டி மெழுகு, மூலை முடுக்கெல்லாம் குழாய் விட்டு. மேல் பெயின்ட்டை அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைக்காதீர்கள், ஈரத்தில் வெளிறிவிடும். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். மூடுவதற்கு பிளாஸ்டிக் தார்ப்பாய் கூடாது. உள்ளே வியர்த்து, மூடாத வண்டியைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். தடித்த பருத்தித் துணி போதும். நாலு ஸ்டாண்டில் ஒன்றரை அடி உயர்த்தி நிறுத்தினால் மழைத் தண்ணீருக்கும் நல்லது, கீழே படுக்க உங்களுக்கும் நல்லது.

ஷெட் போதும். வண்டி நீளம் 3.89 மீட்டர், அகலம் 1.52. பானெட் மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறப்பதால் மூக்குக்கு முன்னால் இரண்டடியாவது விட்டு நிறுத்துங்கள். திறந்துவிட்டால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து டாப்பெட் பார்க்கலாம், இந்த வசதி எந்தப் புதுக் காரிலும் கிடையாது. கியர் பாக்ஸும் கீழே இறங்காது. உள்ளே நடுமேட்டு மூடியைக் கழற்றினால் மேல் வழியாகவே கைக்கு வரும். குழி வெட்டத் தேவையில்லை.

கூரை போல்ட்டில்தான் நிற்கிறது என்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அன்றைக்கு மச்சான் கூரையைக் கழற்றித் திறந்த காராக்கிவிடலாம் என்பார். ஷெட்டில் கழற்றிப் பார்த்து ஆசை தீர்த்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு வரும்போது ஆர்.சி.யில் சலூன் (கூரை மூடிய கார்) என்று எழுதியிருப்பது சலூனாகவே இருக்கட்டும்.

விலை: 18 வருஷம் நின்ற வண்டிக்கு ஒன்றரை லட்சம், நடுச் சட்டம் நன்றாக இருந்து, எண்கள் ஒத்து, வாரிசுகள் எல்லோரும் ஊரில் இருந்தால் கொடுக்கலாம். ட்ரன்னியனில் கிரீஸ் இருந்தால் அந்தச் செலவைக் கழியுங்கள். மிச்சமிருக்கும் நாலரையில் முதல் ஒரு லட்சத்தைப் பிரேக்குக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். பெயின்ட்டுக்கு அதிலிருந்து தொடாதீர்கள். ஆர்.டி.ஓ. ரிஜிஸ்டரில் எண்ணைப் பார்த்த அன்றே முன்பணம் கொடுங்கள், அதற்கு முந்தின நாள் வேண்டாம்.